கரையோர வீட்டின் சிறிய குளியலறையில் பொருட்களுக்கு இடம் செய்தல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர வீடுகள் பலவற்றில் குளியலறை நான்கடிக்கு ஆறடி, கூடினால் ஐந்தடிக்கு ஏழடி என்ற அளவுக்குள் அடங்கிவிடுகிறது. கொமட், பேசின், குளிக்கும் குழாய், தண்ணீர் பிடித்து வைக்கும் வாளி அல்லது பரல் ஆகியவை அந்த இடத்தை நிரப்பிய பின்னரே, நான்கைந்து பேர் பயன்படுத்தும் சவர்க்காரம், சம்போ, எண்ணெய்ப் போத்தல், பல் துலக்கும் தூரிகை, கழுவும் மருந்து, தும்புத்தடி ஆகியவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு வழிகாட்டும் படங்களும் காணொளிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை தரை எப்போதும் காய்ந்திருக்கும் குளியலறைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பேசினுக்குக் கீழே பலகை அலுமாரி, கொமட்டுக்கு மேலே மடித்து அடுக்கிய துவாய்கள், மூலையில் பின்னல் கூடை என்று அவை காட்டும் ஏற்பாடு, வாளியில் அள்ளி ஊற்றிக் குளிக்கும் நம் வீடுகளில் ஒரு மாரியைக்கூடத் தாங்காது. இங்கே ஒருவர் குளித்து முடிக்கும்போது தரை முழுவதும் நனைந்திருக்கும். சுவரும் நெஞ்சளவுக்கு நனைந்திருக்கும்.

எனவே இங்கு இரண்டு விதிகளே முதன்மையானவை. தரையில் எந்தப் பொருளும் நிற்கக் கூடாது. சுவரில் பொருத்தப்படும் எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. கீழே கூறப்படும் ஏனைய யாவும் இவ்விரண்டையும் நிறைவேற்றுவதற்கான வழிகளே.

முதலில் வெளியேற்ற வேண்டியவை

தட்டு வாங்குவதற்கு முன்னர் குளியலறையை முற்றாக வெறுமையாக்கி, எல்லாப் பொருட்களையும் விறாந்தையில் பரப்பிப் பார்ப்பது நல்லது. நாள்தோறும் கைபடுகின்றவை எவை, வாரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகின்றவை எவை, வெறுமனே தங்கிவிட்டவை எவை என்று பிரித்தால், மூன்றாவது குவியலே பல வீடுகளில் பெரிதாக இருக்கும். அடியில் விரலளவு மிஞ்சிய சம்போப் போத்தல்களும் தேய்ந்த தூரிகைகளும் போன பிறகு, புதிய தட்டு உண்மையில் தேவைதானா என்ற எண்ணம் சிலருக்கு வரக்கூடும்.

தேவையான பொருட்களிலும் சில குளியலறைக்குள் இருக்கக் கூடாதவை. மாத்திரைகளும் மருந்துகளும் ஈரத்திலும் வெப்பத்திலும் தரம் குறையும்; அவற்றுக்கு அறை அலுமாரியே உரிய இடம். பிரிக்காத சவர்க்காரக் கட்டிகள், மேலதிகப் பற்பசை, மாற்றுத் துவாய்கள், சவர அலகுகள் ஆகியவையும் வெளியே இருப்பதே மேல். வாடை வீசும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான காலத்திலேயே இப்பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு கிடைக்கிறது. அந்த மாதங்களில் குளியலறைக்குள் மடித்து வைத்த துணி எதுவும் பூஞ்சண மணம் இன்றி வெளிவராது. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் அதே துவாய், மார்கழியில் நாட்கணக்கில் ஈரமாகவே தொங்கும். வெயிற்காலத்து நிலைமையை வைத்துக் குளியலறையை ஒழுங்கு செய்பவர்கள் மழைக்காலத்தில் எல்லாவற்றையும் மீண்டும் மாற்றவேண்டி வருவது இதனாலேயே.

வெள்ளத்துக்குப் பின்னர் கிணறு இறைத்துக் குளோரின் இட்டபோது மிஞ்சிய தூளைப் பொலித்தீன் பையில் கட்டிக் குளியலறை மூலையில் வைத்திருக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது ஈரத்தை இழுத்து வலுவிழப்பதோடு, அதிலிருந்து கசியும் வாயு பக்கத்திலுள்ள குழாய்களையும் திருகாணிகளையும் விரைவாக அரிக்கும். அதைவிட முக்கியமான ஆபத்து வேறொன்று. கொமட் கழுவும் திரவங்களுள் பல, ஹாபிக் உட்பட, ஐதரோகுளோரிக் அமிலம் கொண்டவை. அமிலம் குளோரின் தூளுடனோ குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்துடனோ சேர்ந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிவரும். இவ்விரு வகையையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. அமிலம் குளியலறையில் இருந்தால், குளோரின் வெளியே, மூடி இறுகிய பிளாஸ்டிக் கொள்கலனில், சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

நனையும் எல்லையை அறிதல்

அளவெடுப்பதற்கு நாடாவுடன் ஒரு பென்சிலும் வேண்டும். வீட்டில் ஒருவர் வழக்கம்போலக் குளித்து வெளியேறிய உடனே உள்ளே சென்று, சுவர்களில் தண்ணீர்த் துளிகள் எந்த உயரம் வரை தெறித்திருக்கின்றன, எந்த மூலை நனையாமல் இருக்கிறது என்று பார்த்து மெல்லிய கோடு போட்டுக்கொள்ள வேண்டும். சவர்க் குழாயின் கீழே நின்று குளிப்பவர் நனைக்கும் பரப்பும், குந்தியிருந்து அள்ளிக் குளிப்பவர் நனைக்கும் பரப்பும் வேறுவேறானவை. இரண்டு வகையினரும் வீட்டில் இருந்தால் இரண்டையும் குறிக்க வேண்டும். இக்கோட்டுக்கு வெளியே எஞ்சும் சுவரே பல் துலக்கும் தூரிகைக்கும், மூடிய பெட்டிக்கும், கண்ணாடிக்கும் உரியது. கோட்டுக்கு உள்ளே வரும் இடத்தில் சவர்க்காரமும் சம்போவும் மட்டுமே இருக்கலாம்.

அடுத்து, உடல் அசையும் இடத்தைக் கவனிக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிப்பவரின் முழங்கை எவ்வளவு தூரம் விரிகிறதோ அவ்வளவு தூரத்துக்கு, இடுப்பிலிருந்து தலை வரையான உயரத்தில், தட்டு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தொழுகைக்கு முன்னர் கை, கால், முகம் கழுவி வுழூச் செய்வதற்குத் தாழ்வான குழாயடி வைத்திருக்கும் வீடுகளில் குனிந்து நிமிர்பவரின் தலைக்கு நேர்மேலே தட்டின் மூலை வராதவாறு பார்க்க வேண்டும். கதவு உட்புறமாகத் திறக்குமாயின், அது சுழலும் வட்டத்தையும் தரையில் குறித்துக்கொள்ளலாம்.

முதியவர்கள் பயன்படுத்தும் பொருட்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் அமைய வேண்டும். அத்துடன், துவாய் போடும் கம்பியைக் கொமட்டுக்கு அருகில் பொருத்தினால் முதியவர்கள் எழும்போது அதைத்தான் பிடிப்பார்கள். ஓர் ஆளின் பாரத்தை அக்கம்பி தாங்காது. கைபிடிக் கம்பி தேவையான வீட்டில் அதற்கென்றே செய்யப்பட்ட தடித்த கம்பியை, கல்லுக்குள் இறங்கும் போல்ட் கொண்டு பொருத்திவிட்டு, துவாய்க் கம்பியை எட்டிப் பிடிக்க முடியாத வேறு சுவருக்கு மாற்ற வேண்டும்.

எந்தப் பொருளால் ஆன தட்டு

உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்காமல் வாங்கும் தட்டுக்குச் செலவழித்த பணம் வீண். வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் எழுவான்கரை ஊர்களில், கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி தொடங்கி அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை, வெளிக்கதவின் பூட்டுக்கூட ஓரிரு ஆண்டில் கறள் பிடிக்கிறது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே சற்று மலிவான உலோகப் பொருளும் நாள் தாங்கும்.

பளபளப்பான முலாம் பூசிய இரும்புக் கம்பித் தட்டுகளே கடைகளில் மலிவாகக் கிடைப்பவை. பார்வைக்கு எவர்சில்வர் போல இருந்தாலும், கம்பிகள் ஒட்டப்பட்ட இடங்களில் முலாம் உரிந்து, கபில நிறக் கோடு சுவரில் வழியத் தொடங்கும். காந்தம் ஒன்றைக் கொண்டுசென்று ஒட்டிப் பார்த்தால், வலுவாக இழுக்கும் பொருளை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். இழுக்காத எல்லாமே நல்லவை என்று முடிவுசெய்யவும் முடியாது. மங்கனீசு அதிகம் சேர்த்த மலிவான எவர்சில்வர் வகையும் காந்தத்தால் அவ்வளவாக இழுபடுவதில்லை, ஆனால் உப்பில் விரைவில் புள்ளி விழும். 304 என்ற தரக்குறி இடப்பட்ட எவர்சில்வர் வீட்டுக்குப் போதுமானது. மொலிப்டினம் 2 முதல் 3 வீதம் சேர்ந்த 316 வகை உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும்; கடற்கரை வீதியை ஒட்டிய வீடென்றால், விலை கூடினாலும் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நல்ல தட்டை வாங்கிவிட்டு, அதனுடன் வரும் மஞ்சள் நிறத் திருகாணியையே போடுவது பரவலான வழக்கம். முதலில் கறள் ஏறுவது அந்த ஆணியில்தான். தட்டு பழுதின்றி இருக்க, ஆணி அரிபட்டு எல்லாம் ஒன்றாகக் கீழே வரும். ஹாட்வெயார் கடையில் எவர்சில்வர் திருகாணிகளைத் தனியாகக் கேட்டு வாங்குவது மிகச் சிறிய செலவே.

மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போட்டும் எம்.டி.எஃப் பலகையும் நம் குளியலறைக்கு ஒவ்வாதவை. விளிம்பில் ஒட்டிய நாடா சற்றே உரிந்தாலும் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். மரம்தான் வேண்டுமென்றால், தேக்கு அல்லது முதிரைப் பலகையை எல்லாப் பக்கமும், துளையின் உட்புறம் உட்பட, வார்னிஷ் பூசி, சுவருக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி விட்டு, நனையாத சுவரில் பொருத்தலாம். பனையோலைக் கூடைகள் இப்பகுதியின் அழகான கைவேலைதான். அவை அறைக்குள் இருக்கட்டும். என் கணிப்பில் சிறிய குளியலறைக்கு மிகப் பொருத்தமானவை அடியில் துளையுள்ள தடித்த பிளாஸ்டிக் தட்டுகளும், கிரனைட் துண்டுகளும்தான். கிரனைட் வெட்டும் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளை எட்டு அல்லது ஒன்பது அங்குல முக்கோணமாக வெட்டித் தரச் சொல்லி, மூலையில் டைலைச் சற்றே குடைந்து டைல் பசையால் பதித்தால், அதற்கு ஆணியும் வேண்டாம், கறளும் இல்லை. முன்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் சரிவாக இருக்கும்படி மேசனிடம் சொல்ல மறக்கக் கூடாது. மட்டம் பார்த்து வைப்பதே அவர்களின் பழக்கம், மட்டமான தட்டில் தண்ணீர் நிற்கும்.

துளையிடுதல்

முதலில் சுவர் எத்தகையது என்று அறிய வேண்டும். உட்பிரிப்புச் சுவர்கள் பெரும்பாலும் நான்கு அங்குலச் சீமெந்துக் கல்லால் ஆனவை. விரல் மடக்கித் தட்டிப் பார்க்கும்போது வெற்றுச் சத்தம் கேட்டால், டைலின் பின்னே பசை சரியாகப் பிடிக்கவில்லை அல்லது உட்குழிவான கல் இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைத் தவிர்ப்பதே நல்லது. உவர் ஏறும் நிலத்திலுள்ள பழைய வீடுகளில் சுவரின் அடிப்பகுதிப் பூச்சு, இடுப்பளவு வரைகூட, பொருபொருத்து உதிரும். அதில் எந்த ஆணியும் நிற்காது. அதற்கு மேலே உறுதியான பகுதியில்தான் தட்டு அமைய வேண்டும்.

குழாய்கள் சுவருக்குள் செல்லும் பாதையை ஊகிக்க எளிய விதி ஒன்று உண்டு. குழாய்வாய், சவர், கொமட் தொட்டிக்கான வால்வு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் நேர்மேலாகவும் நேர்கீழாகவும் கிடையாகவும் செல்லும் கோட்டின் இருபுறமும் நான்கு அங்குலம் வரை துளையிடக் கூடாது. கூரைமேல் தண்ணீர்த் தாங்கி உள்ள வீட்டில் பிரதான குழாய் எந்தச் சுவரால் இறங்குகிறது என்பதை வெளியே நின்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சுவரின் மறுபக்கத்தில் மின்சுவிட்ச் இருந்தால், அதற்கு நேர்மேலும் கீழும் கம்பி செல்கிறது என்றே கொள்ள வேண்டும். புதிதாக வீடு கட்டுவோர், டைல் பதிக்கும் முன்னர் நான்கு சுவர்களையும் அளவுநாடா தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வைத்தால் இந்த ஊகமே தேவைப்படாது.

டைலின் மீது துளை போடும் இடத்தில் காகித ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்டினால் துளையிடும் ஊசி வழுக்காது. டைலுக்குரிய ஈட்டிமுனை ஊசியைக் கொண்டு, துளைக்கருவியின் சம்மட்டி இயக்கத்தை நிறுத்தி, மெதுவான வேகத்தில், இடையிடையே தண்ணீர் தொட்டுக்கொண்டு டைலை மட்டும் கடக்க வேண்டும். கல்லைத் தொட்ட பிறகு மேசனரி ஊசிக்கு மாறி, சம்மட்டி இயக்கத்தைப் போடலாம். துளை டைலின் ஓரத்திலிருந்து குறைந்தது ஓர் அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டைல் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர், அதன் பின்னுள்ள பசையும் பூச்சும் சேர்ந்து 20 மில்லிமீற்றருக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டால், தட்டுடன் வரும் 40 மில்லிமீற்றர் ஆணியில் கல்லைப் பிடிப்பது அரை அங்குலம் மட்டுமே. 65 மில்லிமீற்றர் ஆணியும் அதற்கேற்ற, ஆணி ஏறும்போது துளைக்குள் விரியும் 8 மில்லிமீற்றர் பிளக்கும் இட்டு, பிளக் டைலைத் தாண்டி உள்ளே அமரும்படி தள்ள வேண்டும். பிளக் டைலுக்குள்ளேயே விரிந்தால் டைல் வெடிக்கும். ஆணியை முறுக்குவதற்கு முன் துளைக்குள் சிறிது சிலிக்கன் இட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்காது. ஒரு லீற்றர்ப் போத்தல் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால், ஐந்து போத்தல் வைக்கும் தட்டின் மேல், வழுக்கும்போது ஊன்றும் கையின் பாரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும்.

துளையிட முடியாத வாடகை வீடுகளில் ஒட்டும் கொக்கிகளைப் பயன்படுத்தலாம். அவை மினுக்கமான டைலில் மட்டும் பிடிக்கும். பெயின்ற் அடித்த பூச்சில் பெயின்றோடு உரிந்து வரும். சவர்க்காரப் படிவு போகும்படி சுவரைக் கழுவி, ஸ்பிரிற்றால் துடைத்து, காய்ந்த பின்னர் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றாமல் விட வேண்டும். றப்பர் உறிஞ்சிக் கொக்கிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உவர்த் தண்ணீரின் வெண்படிவு விளிம்பில் சேர்ந்ததும் அவை விழுந்துவிடுகின்றன.

எங்கே எதை வைப்பது

பேசினுக்கு மேலே கண்ணாடியும் ஒரு சிறு தட்டும், குளிக்கும் மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூலைத்தட்டுகளும், கதவின் அருகே துவாய்க்கும் மாற்றுடைக்கும் நான்கு கொக்கிகளும் இருந்தால் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். பீவீசிக் கதவுகள் உள்ளே வெற்றிடம் கொண்டவை. அவற்றில் ஆணி நிற்காது, கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கியே பொருந்தும். கதவுக்கு மேலே தட்டு அமைக்கும் யோசனை எல்லா வழிகாட்டிகளிலும் வருகிறது. அதை உட்புறத்தில் அமைத்தால், ஈரத்தரையில் முக்காலி போட்டு ஏற வேண்டிவரும். அதே தட்டை வாசலின் வெளிப்புறத்தில் அமைத்தால் மேலதிகச் சவர்க்காரமும் துவாயும் காய்ந்த இடத்தில் இருக்கும், ஏறுபவரும் காய்ந்த தரையில் நிற்பார்.

பெண்களுக்குத் தேவையான அணையாடைகள் மட்டும் உள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை. இறுகும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், நனையாத சுவரில் அவற்றுக்கென ஓர் இடம் ஒதுக்குவதும், சுவரில் மாட்டக்கூடிய மூடியுள்ள குப்பைக் கூடை வைப்பதும் அவசியம். இதைப் பேசத் தயங்கி விட்டுவிடும் வீடுகளில் அவை பொலித்தீன் பையில் சன்னல் விளிம்பில் கிடந்து நமத்துப்போகின்றன.

பல் துலக்கும் தூரிகைக்குக் கடைப்பொருளை விட எஸ்லோன் எனப்படும் பீவீசிக் குழாய்த் துண்டே சிறந்தது. இரண்டு அங்குலக் குழாயில் நான்கு அங்குல நீளத் துண்டு வெட்டி, அடியில் அதற்குரிய மூடியைப் பொருத்தி, மூடியில் நான்கைந்து துளைகள் இட்டு, குழாய் மாட்டும் கிளிப்பால் சுவரில் நிறுத்தினால் தண்ணீர் தங்காது, கறளும் பிடிக்காது. முக்கால் அங்குலக் குழாயின் இரு முனையிலும் எல்போ எனும் வளைவு இணைப்பு வைத்து இதேபோல் துவாய்க் கம்பியும் செய்யலாம்; இரண்டடிக்கு மேல் நீண்டால் வளையும். துளையில்லாத குவளைகளையும் கிண்ணங்களையும் தவிர்ப்பதற்கு டெங்கும் ஒரு காரணம். நுளம்பு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், தண்ணீர் பிடித்து வைக்கும் பரலையும் வாரம் ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும்.

வாளியையும் தண்ணீர் அள்ளும் கோப்பையையும் பயன்படுத்திய பின் கவிழ்த்துக் கொக்கியில் மாட்டலாம். தும்புத்தடியும் கொமட் தூரிகையும் தலைப்பக்கம் தரையைத் தொடாமல் தொங்கினால் தும்பு நெடுநாள் உழைக்கும்.

மழைக்கு முன்னர்

புரட்டாதி முடிவதற்குள் ஒருநாள் ஒதுக்கி, தட்டுகளை எல்லாம் இறக்கி, வெண்படிவு உள்ள இடங்களை வினாகிரி நனைத்த துணியால் சிறிது நேரம் மூடித் துடைத்துவிட வேண்டும். கிரனைட்டில் வினாகிரியை நீண்ட நேரம் விடாமல் உடனே கழுவுவது அதன் மினுக்கத்தைக் காக்கும். காற்றுத் துவாரங்களை மறைத்துப் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்தால் அவற்றை அகற்ற வேண்டும். 2011 ஜனவரியில் வந்தது போன்ற வெள்ளம் ஏறக்கூடிய தாழ்நிலத்து வீடுகளில், அமிலப் போத்தல்களை இடுப்புக்கு மேலான தட்டுக்கு மாற்றுவது நல்லது. பிறகு ஒவ்வொரு தட்டையும் கையால் மெல்ல அசைத்துப் பார்த்து, ஆடுகின்றவற்றின் ஆணியைக் கழற்றி, பிளக்கை மாற்றி, புதிதாகச் சிலிக்கன் இட்டு முறுக்க வேண்டும். ஆடும் தட்டை அப்படியே விட்டால் துளை பெரிதாகி, அந்த டைலில் மறுபடி ஆணி பிடிக்க இடமே இல்லாமல் போகும்.